கன்னத்துல ஆபரேஷன் முடிஞ்சாச்சு, கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க அப்பா வரமாட்டேங்குறாரு – அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

மலையோரம் எழுதியது:

குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 58 வயசு, ரப்பர் பால் வெட்டுற வேலை. விடியுறதுக்கு முன்னால தலையில லைட்டைக் கட்டிட்டு தோட்டத்துக்கு இறங்கும்போதே வெத்திலையும் பாக்கும் புகையிலையும் இடது கன்னத்துல அடக்கிருவாரு. நான் பிறக்குறதுக்கு முன்னால இருந்தே உள்ள பழக்கம். அதே கன்னத்துக்குள்ளதான் புண்ணு வந்தது. ஆறவே இல்ல. வாய் திறக்குறது குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில இட்லியைப் பிட்டு வைக்கவே இடமில்லாமப் போச்சு. சதை எடுத்துப் பார்த்ததுல புற்றுன்னு உறுதியாச்சு.

இப்போ ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. கட்டியோட சேர்த்து கீழ்த்தாடை எலும்புல ஒரு பகுதியையும், கழுத்துல உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்காங்க. நெஞ்சுல இருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னத்துக்குள்ள வச்சுத் தச்சிருக்கு. சாப்பாடு மூக்கு ட்யூப் வழியா.

பிரச்சினை என்னன்னா, ரிப்போர்ட் வந்த பிறகு 30 தடவை கரண்டு வைக்கணும், கூட வாரம் ஒரு கீமோன்னு சொல்லிட்டாங்க. அப்பா ஒரே பிடிவாதம். பேச்சு சரியா வராததால சிலேட்டுல எழுதிக் காட்டுறாரு: "கட்டியைத்தான் எடுத்தாச்சுல்லா, பின்னே எதுக்கு?" வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களும் கரண்டு வச்சா வாய் வெந்து போகும், ஆளு ஒடுங்கிருவாருன்னு அவரு முன்னாலயே சொல்லிட்டுப் போறாங்க. டிஸ்சார்ஜ் பண்ணின ஆஸ்பத்திரியில பேப்பரைக் கையில தந்தாங்களே தவிர, உட்கார வச்சு யாரும் விளக்கல.

ரிப்போர்ட்ல இருக்குறது: ஓரமெல்லாம் சுத்தம், ரொம்பப் பக்கத்துல உள்ள ஓரம் 4 மில்லிமீட்டர். நெறிக்கட்டி 2-ல புற்று இருக்கு, அதுல ஒண்ணு உறையைத் தாண்டி வெளிய வந்திருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்? உண்மையிலேயே கரண்டும் கீமோவும் வேணுமா?


வார்டு அக்கா எழுதியது:

தம்பி, புற்றுநோய் வார்டுல ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன். உங்க கடைசிக் கேள்விக்கு முதல்லயே பதில்: வேணும்.

கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டியைத்தான் கத்தி எடுக்கும். நெறிக்கட்டி உறையை உடைச்சு வெளிய வந்திருக்குன்னா, சுத்தி உள்ள கொழுப்பிலயும் திசுவிலயும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் கிடக்க வாய்ப்பு அதிகம். எந்த ஸ்கேன்லயும் அது தெரியாது. அது மறுபடி கட்டியா முளைச்சு வந்தா ரெண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி லேசா இருக்காது, சில பேருக்குச் செய்யவே முடியாது.

கரண்டோட கீமோவைச் சேர்க்குறது யாரோ ஒருத்தர் இஷ்டத்துக்குச் சொல்றது இல்ல. 2004-ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் தனித்தனியா நடந்த 2 பெரிய ஆய்வோட முடிவு வந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தப்போ, ஆபரேஷன் ஓரத்துல புற்று இருந்தவங்களுக்கும், நெறிக்கட்டி உறை உடைஞ்சவங்களுக்கும், வெறும் கரண்டைவிட சிஸ்பிளாட்டின்ங்குற கீமோ மருந்தோட சேர்ந்த கரண்டு கூடுதல் பலன் தந்தது தெளிவாத் தெரிஞ்சது. உங்க அப்பா அந்த ரெண்டாவது வகை. ஓரம் 4 மில்லிமீட்டர்னா, வெட்டி எடுத்த சதையோட ஓரத்துக்கும் புற்றுக்கும் நடுவுல அவ்வளவு இடம் இருக்கு, ஓரத்துல புற்று இல்ல, ஆனா 5-க்குக் கீழ இருக்குறதை நெருக்கமான ஓரம்னுதான் டாக்டருங்க எடுத்துக்குவாங்க.

அடுத்து, நாள் கணக்கு. ஆபரேஷன்ல இருந்து 6 வாரத்துக்குள்ள கரண்டு ஆரம்பிச்சிரணும். வீட்டுல பேசிப் பேசி இந்த நாளைத்தான் எல்லாரும் தொலைக்கிறாங்க. அப்பா மனசு மாறட்டும்னு காத்திருக்குற நேரத்துலயே பல் டாக்டர்கிட்ட காட்டிருங்க. ஆட்டம் கண்ட பல், சொத்தைப் பல் எல்லாத்தையும் கரண்டுக்கு முன்னாலயே பிடுங்கணும். பிடுங்கின இடம் ஆற 10 நாள், 2 வாரம் வேணும். கரண்டு வச்ச தாடையில ரத்த ஓட்டம் குறையும், அதுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினா எலும்பு ஆறாமச் செத்துப்போகுற ஆபத்து இருக்கு. அந்த ஆபத்து வாழ்நாள் முழுக்க இருக்கும்.


வேர்க்கிளம்பி எழுதியது:

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு முள்ளுசீத்தா இலைக் கஷாயமும் லட்சுமி தரு இலையும் குடுத்து குணமாச்சுன்னு சொல்றாங்க. கேரளாவுல ஒருபாடு பேரு குடிக்காங்க. கரண்டுக்கு ஓடுறதுக்கு முன்னால 3 மாசம் குடுத்துப் பாக்கலாமே? கத்தி பட்டாலே பரவிரும்னும் கேள்விப்பட்டேன். அப்பாவோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.


கடலோரக்காரி எழுதியது:

வேர்க்கிளம்பி தம்பி, நல்ல மனசோடதான் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா அந்த 3 மாசம்தான் இங்க உயிரு. மேல அக்கா சொன்ன 6 வாரத்தைப் படிச்சீங்கல்லா? முள்ளுசீத்தா இலையில உள்ள சத்து ஆய்வுக்கூடத்துல குப்பியில வச்ச செல்லைக் கொல்லும், அது உண்மை. மனுஷங்களுக்குக் குடுத்து வாய்ப்புற்று குணமானதா ஒரு முறையான ஆய்வு கூட இல்ல. அதுல உள்ள அன்னோனாசின்ங்குற பொருள் நரம்பைக் கெடுக்கும்னு மேற்கிந்தியத் தீவு குவாடலூப்ல பார்த்திருக்காங்க. கீமோ ஓடும்போது இன்ன இலைன்னு தெரியாத கஷாயம் கிட்னிக்கும் ஈரலுக்கும் கூடுதல் சுமை. கத்தி பட்டா பரவும்ங்குறதும் சரியில்ல. ரொம்பத் தாமதமா வந்து, ஏற்கெனவே பரவின பிறகு ஆபரேஷன் ஆனவங்களைப் பார்த்துக் கிளம்பின பேச்சு அது.

மலையோரம் தம்பி, எனக்க அம்மாவுக்கும் இதேதான், வலது கன்னம். குளச்சல்ல தலையில மீன் சுமந்து வித்தவங்க. மூணு வருஷம் கழிஞ்சாச்சு, நல்லா இருக்காங்க. டாக்டர் சொல்லி அவங்க கேக்கல, நான் அழுது கேக்கல. கரண்டு முடிச்சு வீட்டுல இருந்த ஒரு பாட்டி பக்கத்து ஊர்ல இருந்தாங்க. அம்மாவை அங்க கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் தனியா உட்கார்ந்து பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது "எப்ப போகணும்"ன்னு மட்டும் கேட்டாங்க. உங்க அப்பாவுக்கும் அப்படி ஒருத்தர் கிட்டினா நல்லது. சொந்தக்காரங்க வந்து பயமுறுத்துறதைத் தயவுசெஞ்சு நிறுத்துங்க. வாசல்லயே சொல்லி அனுப்புங்க, மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல.

ட்யூப் சாப்பாடு பத்தி எழுதுறேன். இதுல ரொம்பப் பேரு கஞ்சித் தண்ணியும் இளநியும் மட்டும் விட்டுட்டு இருக்காங்க. ஆளு உருகிப் போயிரும். கரண்டு ஆரம்பிக்குறதுக்கு முன்னால எடை நிக்கணும். நான் செஞ்சது: பச்சரிசியும் பாசிப்பயறும் குழைய வேக வச்சு, ஒரு கேரட், அவிச்ச முட்டை, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், கொஞ்சம் உப்பு. மிக்சியில நைசா அரைச்சு, மாவு சலிக்குற வலைச் சல்லடையில தேய்ச்சு வடிகட்டணும். முட்டையோட வெள்ளைக்கரு துணுக்கு ஒண்ணு நின்னாப் போதும், ட்யூப் அடைக்கும். பாலும் ராகியும் ஒரு வேளை. சாளையோ நெத்திலியோ முள்ளு எடுத்து, மிளகாய் போடாம வேக வச்சு அரைச்சு ஒரு வேளை. மாறி மாறிக் குடுத்தேன்.

ஆளைப் படுக்க வச்சுக் குடுக்கவே கூடாது. தலைமாட்டை உயர்த்தி, நல்லா சாய்ச்சு உட்கார வச்சு, ஊசிக்குழாயோட புனலைத் தலைக்கு மேல பிடிச்சு, அதுவா இறங்குற வேகத்துக்கு விடணும். அமுக்கித் தள்ளக் கூடாது. ஒரு தடவைக்கு 200 மில்லி, 250 மில்லி, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா. முடிஞ்சதும் வெதுவெதுப்பான வெள்ளம் (தண்ணி) விட்டு ட்யூபைக் கழுவணும், அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. மூக்கு நுனியில ட்யூப்ல பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க. அந்தக் கோடு வெளிய வந்திருந்தா ட்யூப் நகந்திருக்குன்னு அர்த்தம். அப்போ ஒரு சொட்டு கூட விடாம ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், ஏன்னா நுரையீரலுக்குள்ள இறங்கிரும்.


இரணியல் எழுதியது:

பண விஷயம் யாரும் சொல்லல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். கார்டு இல்லன்னா கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்க. ஆபரேஷன், கரண்டு, கீமோ மூணும் தனித்தனியா அனுமதி வாங்குற விஷயம். ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்ததுக்கு எழுதிக் குடுக்காம, இப்பவே கேட்டு வைங்க.

திருவனந்தபுரம் போறதா இருந்தா, அங்க மெடிக்கல் காலேஜ் வளாகத்துல உள்ள ரீஜனல் கேன்சர் சென்டருக்குத்தான் நம்ம மாவட்டத்துல இருந்து நிறையப் பேரு போறாங்க, 1981-ல தொடங்கினது. நம்ம ஊர்க் காப்பீட்டுக் கார்டு அங்க ஓடுமான்னு போறதுக்கு முன்னாலயே போன்ல கேட்டுருங்க. ரயில்ல புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பர்ல நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, கூடப் போறவருக்கு 75 சதவீதம் கழிவு. சாதாரண ரெண்டாம் வகுப்புல ரெண்டு பேருக்கும் 75 சதவீதம் கழிவு. டாக்டர் ரயில்வே படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும். குலசேகரத்துல இருந்துன்னா குழித்துறை ஸ்டேஷன்தான் உங்களுக்குப் பக்கம்.

ஆனா வாரம் 5 நாள், 6 வாரம்ங்குறதை மனசுல வச்சு இடத்தை முடிவு பண்ணுங்க. பேரு பெருசா இருக்குன்னு தூரமாப் போய், பாதியில முடியாம விடுறதைவிட, தினமும் போய்வர முடியுற இடம் மேல். நெய்யூர்லயும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கு, அங்கயும் விசாரிச்சுப் பாருங்க.


பள்ளியாடி எழுதியது:

வெத்திலை போடாதவங்களுக்கும் நம்ம கடற்கரையில புற்று வருதே? மணவாளக்குறிச்சி மணல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க.


ஓய்வு வாத்தியார் எழுதியது:

அந்தக் கேள்வி நியாயமானது, நானும் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு, இயற்கைக் கதிர்வீச்சு அளவு மற்ற இடங்களைவிடக் கூடுதல். இதில் ஐயமில்லை. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடுதலாக வந்ததாகக் காட்டவில்லை. மணல் அள்ளுவதால் கடற்கரை அரிப்பு, குடிநீர், மீன்வளம் பற்றியெல்லாம் மக்கள் எழுப்பும் கேள்விகள் வேறு. அவற்றில் நான் மக்கள் பக்கம்தான். ஆனால் கன்னத்துக்குள் வரும் புற்றுக்கு மணலைக் காட்டிவிட்டு மடியில் உள்ள வெத்திலைப் பொட்டலத்தை மறந்துவிடக் கூடாது.

வெத்திலையையும் வாய்ப்புற்றையும் இணைத்துப் பேசிய பழைய மருத்துவ எழுத்துகளில் ஒன்று நம் மண்ணிலிருந்துதான் போயிற்று. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838-ல் தொடங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் சாமர்வெல், அந்த மலைப் புகழையெல்லாம் விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அவருடன் அங்கே பணிபுரிந்த ஆர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெத்திலை மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இன்றைய தமிழ்நாட்டோடு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெத்திலைப் பாக்கையும், பாக்கை மட்டுமே தனியாகவும், மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்றே 2004-ல் பதிவு செய்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நெய்யூரிலிருந்து எழுதிய ஒன்றை நெய்யூரைச் சுற்றியுள்ள வீடுகளே இன்னும் ஏற்கவில்லை என்பது எனக்கு உண்மையான வேதனை.


மீண்டவன் எழுதியது:

கரண்டு வச்சு முடிச்ச ஆளு நான். மலையோரம், அப்பாவுக்கு இதை வாசிச்சுக் காட்டு மக்கா.

அண்ணே, நானும் உங்களை மாதிரித்தான் கேட்டேன், வெட்டி எறிஞ்சாச்சுல்லா பின்னே என்னன்னு. பயம்தான், வேற ஒண்ணுமில்ல. உள்ளதை உள்ளபடி சொல்றேன். முதல்ல மாஸ்க் செய்வாங்க. வெள்ளை பிளாஸ்டிக் வலையை வெந்நீர்ல போட்டு எடுத்து முகத்து மேல விரிப்பாங்க. சூடா, ஈரமா, மூக்கு தாடை எல்லாம் ஒட்டிப் பிடிக்கும், கொஞ்ச நேரத்துல இறுகிரும். மூச்சு விடலாம். தினமும் அதைப் போட்டு மேசையோட பூட்டுவாங்க, தலை அசையக் கூடாதுன்னு. மூச்சு முட்டுற மாதிரி இருந்தா முன்கூட்டியே அவங்ககிட்ட சொல்லுங்க, கையைத் தூக்கினா நிறுத்துவாங்க. மிஷின் ஓடும்போது வலி இல்ல, சூடு இல்ல, சத்தம் மட்டும். பத்து, பதினைஞ்சு நிமிஷத்துல வெளிய வந்திரலாம். வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். உடம்புக்குள்ள கதிர் ஒண்ணும் தங்காது.

முதல் வாரம் ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது வாரம் கடைசியில நாக்குல ருசி போகும். மூணாவது வாரத்துல இருந்து வாய் புண்ணாகும், எச்சில் கோந்து மாதிரி ஆகும், கழுத்துத் தோல் கறுக்கும். முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் அந்தக் கஷ்டம் கூடித்தான் நிக்கும். அப்புறம் மெதுவா இறங்கும். சொந்தக்காரங்க சொல்ற "வெந்து போகும்" இதுதான், பொய் இல்ல. ஆனா அது ஆறும். ஆறுறதைச் சொல்ல யாரும் வர்றதில்ல.

நெஞ்சுச் சதை வச்சிருக்குன்னு எழுதியிருந்தே. ஆம்பிளைங்களுக்கு அந்தச் சதையில உள்ள முடி வாய்க்குள்ள வளரும். எனக்கு வளர்ந்தப்போ அருவருப்பா இருந்தது, யார்கிட்டயும் சொல்லல. கரண்டு வச்சதும் உதிர்ந்து போச்சு. அப்பா அதை நினைச்சு உள்ளுக்குள்ள புழுங்கிட்டு இருக்கலாம், நீயே பேச்சை எடு.

வாய் திறக்குற பயிற்சியை இன்னிக்கே ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. ஐஸ் குச்சியை அடுக்கி, பல்லுக்கு இடையில பக்கவாட்டா வச்சு, நடுவுல இன்னொரு குச்சியை மெதுவா நுழைக்கணும். இழுக்கும், கண்ணுல தண்ணி வரும். அப்படியே கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கணும். ஒரு நாளைக்குப் பல தடவை. கரண்டு நடக்கும்போதும் விடக் கூடாது, முடிஞ்ச பிறகும் மாசக்கணக்கா விடக் கூடாது. கரண்டு பட்ட தசை இறுகிக்கிட்டே வரும். எங்கூட கரண்டு வச்ச சில பேரு இதை விட்டுட்டாங்க, இப்போ ஸ்பூன் நுழையாம இருக்காங்க.


மலையோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில சொல்லி முடிக்க மனசு வரல. மீண்டவன் அண்ணே எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சேன். முடி விஷயம் வந்தப்போ கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டு, வாயைத் தொட்டுக் காட்டினாரு. அவருக்கும் அதேதான். அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் சிலேட்டுல "பல்லு டாக்டர்" ன்னு எழுதிக் காட்டினாரு.

பல் பிடுங்கியாச்சு, ஆறிட்டு வருது. தினமும் போய்வரக்கூடிய தூரத்துல ஒரு இடத்துல மாஸ்க் எடுத்துட்டோம். 6 வாரக் கணக்குக்குள்ள ஆரம்பிச்சிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கீமோ அன்னைக்கு என்ன கவனிக்கணும்?


வார்டு அக்கா எழுதியது:

கேக்கவே சந்தோஷமா இருக்கு தம்பி.

சிஸ்பிளாட்டின் கிட்னியையும் காதையும் பாதிக்கும் மருந்து. அதனாலதான் முன்னாலயும் பின்னாலயும் சலைன் டிரிப்ஸ் ஏத்துறாங்க. வீட்டுக்கு வந்த பிறகும் ட்யூப் வழியா வெள்ளம் தாராளமாப் போகணும், ஒரு நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாம. அப்பாவுக்கு இதய நோயோ கிட்னி நோயோ இருந்தா மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஒவ்வொரு தடவைக்கு முன்னாலயும் கிட்னி எப்படி இருக்குன்னு தெரிய ரத்தத்துல கிரியாட்டினின் பார்ப்பாங்க. மூத்திரம் குறைஞ்சாலோ, காதுல ரீங்காரம் கேட்டாலோ, கை கால் மரத்தாலோ அடுத்த டோஸுக்கு முன்னால சொல்லிரணும். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு குடுக்குறதுல பலன் குறைவு, எழுதித் தந்த நேரத்துக்குக் குடுங்க. வீட்டுல தெர்மாமீட்டர் வேணும். 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா ராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி, பாராசிட்டமால் குடுத்துட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது.

வாய்க்கு: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின வெள்ளத்துல ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. இதால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொப்பளிக்கணும், விழுங்கக் கூடாது. கடையில விக்குற எரிச்சல் தர்ற மவுத்வாஷ் வேண்டாம். வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையாப் படிஞ்சா அது பூஞ்சை, மாத்திரை உண்டு, காட்டுங்க. கழுத்துல எண்ணெய், மஞ்சள், பவுடர், சோப்பு எதுவும் போடாம, உரசாத பருத்திச் சட்டை. நம்ம ஊர்ல தோள் வலின்னதும் வர்மம், தடவல்னு கூட்டிட்டுப் போவாங்க. கரண்டு படுற கழுத்தையும் ஆபரேஷன் பண்ணின தோளையும் யாரையும் தடவ விடாதீங்க, பிசியோதெரபி மட்டும்.

வாரம் ஒருக்கா எடை பாருங்க. எடை ரொம்பக் குறைஞ்சா மாஸ்க் தொளதொளன்னு ஆகும், கதிர் பட வேண்டிய இடம் மாறும், மறுபடி மாஸ்க் எடுக்க வேண்டி வரும். புண்ணு வந்ததும் "ரெண்டு நாள் லீவு விடுவோம்"ன்னு வீட்டுல தோணும். நடுவுல விடுற ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுக்குள்ள நிக்குற வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும்னு கணக்கு இருக்கு. மிஷின் ரிப்பேர், பண்டிகைன்னு நாள் விட்டுப் போனா அதை எப்படி ஈடு கட்டுவீங்கன்னு கரண்டு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.


கடலோரக்காரி எழுதியது:

மூணாவது வாரத்துல அப்பா நிறுத்திரலாம்னு எழுதிக் காட்டுவாரு. எல்லாருமே கேப்பாங்க, அம்மாவும் கேட்டாங்க. வலி மருந்தைக் கூட்டிக் கேளுங்க. மார்ஃபின் வரைக்கும் தருவாங்க, அதுக்கு அடிமை ஆயிருவாருன்னு பயந்து குடுக்காம இருக்காதீங்க. வலி அடங்கினா மறுநாள் போக மனசு வரும்.


வேர்க்கிளம்பி எழுதியது:

எல்லாத்தையும் படிச்சேன். எனக்க மாமா பாக்கு மட்டும்தான் போடுவாரு, கன்னத்துல வெள்ளைத் திட்டு ஒண்ணு இருக்கு, வலி இல்ல. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன். எங்க போகணும்?


வார்டு அக்கா எழுதியது:

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பல் பிரிவோ காது மூக்கு தொண்டைப் பிரிவோ போதும் தம்பி. வலி இல்லாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரத்துக்கு மேல ஆறாத புண், வாய் திறக்க முடியாம இறுகுறது, இதெல்லாம் உடனே காட்ட வேண்டியவை. மாமா பாக்கை விட நினைச்சா 1800-11-2356, புகையிலைப் பழக்கத்தை விட உதவுற தேசிய எண், காசு கிடையாது.


மலையோரம் எழுதியது:

கரண்டு முடிஞ்சுது. கடலோரக்காரி அக்கா சொன்ன மாதிரியே மூணாவது வாரம் நிறுத்தச் சொன்னாரு, வலி மருந்தை மாத்தின பிறகு சமாளிச்சாரு. ஒரு நாளும் விடல. கீமோவுல ஒண்ணை மட்டும் ரத்த அணு குறைஞ்சதால டாக்டரே தள்ளி வச்சாங்க. இப்போ ட்யூபை எடுத்தாச்சு. மட்டிப்பழத்தை மசிச்சுக் குடுத்தா ருசி தெரியலன்னு சொல்லிட்டே சாப்பிடுறாரு. ஐஸ் குச்சியை அவரே அடுக்கிக்குறாரு.

ரெண்டு கேள்வி. எப்போ பால் வெட்டப் போகலாம்னு கேட்டுட்டே இருக்காரு. இடது தோள் தாழ்ந்து இருக்கு, கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. அடுத்து என்னென்ன செக்கப்?


மீண்டவன் எழுதியது:

மக்கா, சந்தோஷம். ருசி வர மாசங்கள் ஆகும், முதல்ல இனிப்புதான் எனக்குத் திரும்பி வந்தது. எச்சில் மட்டும் பழையபடி முழுசா வரல, பாட்டில்ல வெள்ளம் கூடவே இருக்கும்.


வார்டு அக்கா எழுதியது:

தோள் விஷயம்: கழுத்துல நெறிக்கட்டி எடுக்கும்போது தோளைத் தூக்குற நரம்பு இழுபட்டிருக்கும். நரம்பை வெட்டாம விட்டிருந்தா பல மாசத்துல தேறும். ஆபரேஷன் குறிப்புல அது இருக்கும், கேளுங்க. சுவரைப் பார்த்து நின்னு விரலால மேல மேல ஏறுற பயிற்சியை பிசியோகிட்ட கத்துக்கோங்க. உயரமான பட்டையில வெட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணும், அதனால தாழ்ந்த பட்டை உள்ள மரத்துல கொஞ்ச நேரம்னு ஆரம்பிக்கலாமான்னு அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட கேளுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னால திரும்பிரணும், கழுத்துல துணி வேணும். தோட்டத்துல கூட வேலை பாக்குறவங்க வெத்திலையை நீட்டுவாங்க, அவங்ககிட்ட நீங்களே முன்னால போய்ப் பேசி வைங்க.

செக்கப்: திரும்பி வர்றதுல பெரும்பாலானது முதல் 2 வருஷத்துக்குள்ளதான் வரும். அதனால முதல் வருஷம் ஒண்ணுல இருந்து 3 மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டாவது வருஷம் கொஞ்சம் தள்ளி, அப்படியே 5 வருஷம் வரைக்கும், பிறகு வருஷத்துக்கு ஒருக்கா. கழுத்துல கரண்டு வச்சவங்களுக்குத் தைராய்டு குறையலாம். சோர்வு, எடை கூடுறதுன்னு மெதுவா வரும், அதனால 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்கு ஒருக்கா டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. பல்லுக்கு ஃப்ளோரைடு ஜெல் தினமும். எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் வாயைத் திறக்குறதுக்கு முன்னால கரண்டு வச்ச விஷயத்தைச் சொல்லணும். கரண்டு முடிஞ்சதுக்கு எழுதித் தந்த சுருக்கம், எத்தனை கிரே (கதிரோட அளவு), எந்தெந்த இடம்னு இருக்குற அந்தப் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு வீட்டுல, ஒண்ணு அப்பா பையில வைங்க. எப்போ எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.